முதல் வேளை மருந்துக்கு முன் மலப் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்கால நோய்கள் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்ஸும் துத்தநாக மாத்திரையும்தான் முதல் மருந்து என்று எழுதியிருந்தது மிகச் சரி. பல குழந்தைகளுக்கு வைரஸால்தான் வருகிறது. அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. அப்படியும் சென்னையில் கேட்ட மாத்திரத்தில் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆய்வக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது பெரிய மனக்குறை.

பரிசோதனை என்றதும் பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனை, பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். மைக்ராஸ்கோப் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மலத்தில் மெத்திலீன் புளூ சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சீழ் செல்கள் தெரியும். அவை நிறைய இருந்தால் ரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லா போன்ற கிருமியைச் சந்தேகிக்கலாம். காலரா கிருமியோ, கண்ணாடியில் தொங்கவிட்ட மலத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அம்பு மாதிரி பாய்ந்து ஓடும். அதை உறுதிசெய்ய மலத்தைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் (செரித்த புரதம்) நீரில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வளர்த்து, டிசிபிஎஸ் என்ற கிருமி வளர்ப்பு ஊடகத் தட்டில் இட்டால் மறுநாள் மஞ்சள் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) வரும். ஷிகெல்லா மெக்கான்கி என்ற இன்னொரு ஊடகத் தட்டில் நிறமில்லாமல் வளரும். அப்புறம் கிருமியின் வகையைக் காட்டும் ஆன்டிசீரம் கலந்து பார்ப்பது, எந்த மருந்து கேட்கும் என்று மருந்து தோய்த்த வில்லை வைத்துப் பார்ப்பது எல்லாம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் ஆய்வகத்தில் நடக்கிற வேலைதான். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை மட்டும் இப்படிப் பிரித்தறிய முடியாது, உண்மை. அதற்காக மற்றதை விட்டுவிடலாமா?

காலரா மாதிரியைக் கெடாமல் அனுப்பக் கடல் உப்பும் பெப்டோனும் கலந்த திரவத்தை 1941-லேயே வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் தந்தார்கள். விஆர் திரவம் என்று இன்றும் அதற்குப் பெயர். ஓ139 என்ற புதிய காலரா வகை 1992-ல் முதலில் தென்பட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. அன்று யாரோ மலத்தைத் தட்டில் இட்டுப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

மலத்தில் ரத்தம் வரும் குழந்தைக்கு முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது, மருந்தை உடனே தொடங்க வேண்டும். ஆனால் முதல் வேளைக்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும்; மருந்து உள்ளே போனபின் கிருமி வளர்வது கடினம். ஷிகெல்லா சீக்கிரம் செத்துவிடும் என்பதால் மாதிரியைக் கெடாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகக் குழாய்கள் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். மாநகராட்சி அவற்றை வாங்கி வைத்து, அன்றன்றே மாதிரிகளைக் கல்ச்சர் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல ஓர் ஆளையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
பெரம்பூர், சென்னை.