கணினியை விற்பவர்களுக்கு: கணக்கு, வாங்கியவர் கையில் இருக்கட்டும்

எங்கள் நகரக் கணினி விற்பனையாளர், பழுதுநீக்குவோர் சங்கத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கடவுச்சொல் மறந்துபோய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருவோர் உங்களுக்குப் புதியவர்கள் அல்லர் என்பதால், சிக்கலை விளக்குவதற்காக இதை எழுதவில்லை. அப்படி வருவோருக்கு உங்கள் கடைகளில் உடனே கிடைக்கும் பதிலான "ஃபார்மட் அடிச்சுடலாம்" என்பதைப் பற்றியே, அதாவது உள்ளிருக்கும் கோப்புகளையெல்லாம் அழித்துவிடுவதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கமலை, பரம்பு, வடம், கூனை என்று வழக்கொழிந்துவரும் வேளாண் சொற்களை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்து, தம் மடிக்கணினியில் தட்டச்சு செய்துவந்தார். பக்கவாதத்திலிருந்து மீண்ட பிறகு அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கணினியைத் திறக்கும் பின் நம்பர் மட்டும் நினைவுக்கு வரவேயில்லை. "பின் நம்பர் மறந்துவிட்டது" என்ற இடத்தை அழுத்தினால், கணினியில் நுழையப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதுவும் தெரியாது என்றால், இரண்டு எழுத்துகளையும் அவற்றை அடுத்து வரிசையாக நட்சத்திரக் குறிகளையும் காட்டி, அந்த மின்னஞ்சலுக்குக் குறியீட்டு எண் அனுப்பட்டுமா என்கிறது. அந்த இரண்டு எழுத்துகளில் தொடங்கும் மின்னஞ்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. விற்ற கடையில் விசாரித்தபோதுதான், அன்று கணினியைத் தயார்செய்து தந்த பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கணக்கைத் தொடங்கினான் என்பதும், அவன் இப்போது அங்கே வேலையில் இல்லை என்பதும் தெரியவந்தன.

முன்பு இதற்கு வழியிருந்தது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியோ, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து இயக்கியோ கோப்புகளை நகலெடுத்துக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். இன்று விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே வன்தட்டு தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டு, உரிய சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடுகிறது. 2024இல் வந்த 24எச்2 பதிப்புக்குப் பிறகு இது மேலும் பரவலாகிவிட்டது. அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. தொலைந்த கீயைத் தங்களாலும் மீட்டுத்தர இயலாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. கணினி திருடுபோனாலும் உள்ளிருப்பவை பிறர் கைக்குப் போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதன்மேல் எனக்குக் குறையில்லை. வீட்டை விற்றவர் சாவியைத் தம் பையிலேயே போட்டுக்கொண்டு போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: கணக்கை வாங்குபவரின் சொந்த மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் மட்டுமே தொடங்குங்கள், கணக்கின் பெயரையும் ரெகவரி கீயையும் தாளில் அச்சிட்டு, ரசீதோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள். இணையக் கணக்கு வேண்டாம் என்பவருக்கு, அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கு தொடங்கும்போது கேட்கப்படும் மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கும் அவரையே உட்காரவைத்து விடையளிக்கச் செய்யுங்கள். சில நிமிட வேலை இது.

கணினியோடு இது நிற்பதில்லை. முதியவர் ஒருவர் புதுக் கைப்பேசி வாங்கினாலும் கடைக்காரர் உருவாக்கிய ஜிமெயில்தான் அதில் இருக்கிறது. கடவுச்சொல் என்னவென்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஓய்வூதியம், வங்கி, எரிவாயு என எல்லாவற்றையும் ஓடிபியின் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்ட காலத்தில், வயதானவர்களின் கணக்குகளை இப்படி ஊர்பேர் தெரியாத முகவரிகளில் தொங்கவிடுவது, "அவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்வதால்தான் நடக்கிறது. நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியைப் புரிந்துகொள்ளத் தெரியாதா? கோபத்தில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றாலும், சொன்னதில் மிகையில்லை.

பெரியப்பாவின் கணினியை ஃபார்மட் செய்ய நாங்கள் சம்மதிக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்கைத் தொடங்கிய இளைஞரைத் தேடிப்பிடித்து, அவர் பயன்படுத்திய மின்னஞ்சலை அறிந்து சொல்லுமாறு விற்ற கடைக்குச் சங்கத்தின் வழியாக அறிவுறுத்தக் கோருகிறேன். கடையின் பெயரையும் ரசீதின் நகலையும் தனியே அனுப்பியுள்ளேன். கணக்கை வாங்குபவர் பெயரிலேயே தொடங்கி, ரெகவரி கீயைத் தாளில் தர வேண்டும் என்பதை உறுப்பினர் அனைவருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்