ரிவர்ஸ் எடுக்கவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ஓட்டப் பழகும் பெண்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயத்தை விடுவது பற்றி அருமையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் ரிவர்ஸ் எடுப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. கானாடுகாத்தானில் மாமியாரோடு இருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மாமியாரை மாதம் இரண்டு தடவை காரைக்குடிக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டில் கார் சும்மாதானே நிற்கிறது என்று போன வருஷம் ஓட்டப் பழகினேன்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் வாங்கிய கையோடு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். தினமும் அரை மணி நேரம் திருச்சி ரோட்டில் நேராகப் போவோம். கியர் மாற்ற, லாரிக்கு வழி விட, வேகத்தடையில் ஏற்றி இறக்க எல்லாம் பழகிவிட்டது. வண்டியைத் திருப்ப வேண்டிய இடம் வந்தால் மட்டும், "நீங்க இறங்குங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்பார் சொல்லிக்கொடுப்பவர். அவரே ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். நான் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

30 நாள் முடிந்து லைசென்ஸ் தேர்வுக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். மூன்றாம் கியர் வரை போட்டேன், சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தினேன். அவ்வளவுதான், லைசென்ஸ் வந்துவிட்டது. ரிவர்ஸ் கியரை நானும் தொடவில்லை, அவரும் கேட்கவில்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, தேர்வுக்கு வருபவர் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. வண்டியைப் பின்னால் ஓட்டிக் குறுகலான இடைவெளிக்குள் வலமோ இடமோ ஒழுங்காக நுழைக்க வேண்டும், முன்னும் பின்னும் எடுத்து வந்த திசைக்கே திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இது எனக்குத் தெரியவந்தது பிறகுதான்.

எங்கள் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமாகக் கட்டியவை. எங்கள் கார் ஷெட் பின்வாசல் பக்கம். லைசென்ஸ் வாங்கிய மூன்றாவது வாரம், ஒரு காலை நேரம். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தேன், தெரு காலியாகத்தான் தெரிந்தது. ரிவர்ஸ் போட்டு வண்டியை நகர்த்தினேன். எதிர்வீட்டு ஆச்சி "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினார். பிரேக்கை அழுத்திவிட்டு இறங்கி ஓடினேன். பம்பருக்கு இரண்டு சாண் தள்ளி, நான்கு வயதுக் குழந்தை ஒன்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாவாடை மடி நிறையப் பழம். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கை கால் நடுக்கம் நிற்கவே அன்று மத்தியானம் ஆகிவிட்டது.

ஒரு மாதம் காரைத் தொடவில்லை. அப்புறம் எங்கள் தெருவில் 35 வருஷம் வாடகைக் கார் ஓட்டி ஓய்வில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். சரி என்றார்.

முதல் நாள் அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. ஊருணிக் கரைப் பொட்டலில் காரை நிறுத்தி, என்னை உள்ளே உட்கார வைத்து, ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பம்பரை ஒட்டி வைத்தார். "தெரியுதா ஆச்சி?" தெரியவில்லை. ஒவ்வோர் அடியாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனார். பின்கண்ணாடி வழியாகக் குடத்தின் வாய் என் கண்ணில் பட்டபோது நான் இறங்கிப் போய்க் காலால் அளந்தேன். பதினைந்து அடி! அவ்வளவு இடமும் எனக்குக் குருடு. ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்று அவர் சொன்னதற்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

மறுநாள் நேராகப் பின்னால் போவது. "ஆக்சிலரேட்டரை மறந்துருங்க. கிளட்ச்சைப் பாதி விட்டாலே வண்டி தானா ஊரும். கால் பிரேக் மேலேயே இருக்கட்டும்." உடம்பை இடது பக்கம் திருப்பி, இடது கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டுக்கொண்டு, பின்கண்ணாடி வழியாகவே பார்க்க வேண்டும். கண்ணாடிகள் கூடமாட உதவிக்குத்தான்.

அதற்கப்புறம் ஒடிப்பது. வண்டியின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். இது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது மூக்கு. வால் இடது பக்கம் போகும்போது மூக்கு வலது பக்கம் வீசி வெளியே வரும். பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் முன்பக்கத்து மூலை தூணில் உரசிவிடும். இரண்டு பக்கமும் கோலமாவில் நீளக் கோடு போட்டு அதற்குள் வண்டியை விடச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் எந்த டயர் எந்த இடத்தில் கோட்டை அழித்தது என்று அப்படியே தெரியும். பதினோராம் நாள்தான் கோடு அழியாமல் உள்ளே விட்டேன்.

எங்கள் ஊர்களில் இது இல்லாமல் முடியாது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கல்யாணத்துக்குத் திறக்கும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த கார்கள் தெருவின் இரண்டு பக்கமும் நிற்கும். நடுவில் எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் யாராவது ஒருவர் தெருமுனை வரை பின்னாலேயே போயாக வேண்டும். இங்கே திண்ணையில் ஆச்சிமார் இருப்பார்கள், தெருவில் பிள்ளைகள் விளையாடும்.

பின்னால் ஏதாவது இருந்தால் சத்தம் போட்டுக் காட்டும் சென்சார் இருக்கிறதே என்று என் மகன் சொல்கிறான். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் அது கட்டாயம்தான். எங்கள் கார் அதற்கு முந்தையது, இந்தப் பக்கம் ஓடுகிற பல கார்களும் அப்படித்தான். தாழ்வாக இருப்பதையும் ஒல்லியாக இருப்பதையும் சென்சார் சில நேரம் தவறவிடும், புழுதி படிந்தால் பின்பக்கக் கேமராவும் மங்கிவிடும். இருப்பது நல்லதுதான், ஆனால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு அது ஈடாகாது.

தேர்வு எடுக்கும் அதிகாரிகளிடம் நான் கேட்பது, விதியில் உள்ளதை அப்படியே செய்யச் சொல்லுங்கள் என்பதுதான். இரண்டு கம்பு நட்டு, அதற்குள் ரிவர்ஸில் விடச் சொன்னால் ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா? முடியாதவரைத் திருப்பி அனுப்புங்கள், ஏழு நாள் கழித்து அவர் மறுபடி வரலாம். என்னை அன்றைக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன், ஆனால் அந்தக் காலை நேரம் என் வாழ்க்கையில் வந்திருக்காது. அங்கே கேட்க ஆரம்பித்தால் டிரைவிங் ஸ்கூல்களும் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்போது பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். "நான் எடுத்துத் தர்றேன்" என்று அவர்கள் சொன்னால் இறங்காதீர்கள். காசு கொடுத்திருக்கிறீர்கள், நீங்களே எடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ரிவர்ஸில் வண்டியை நிறுத்தும் முறையைப் படம் போட்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். காரின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பதினைந்து அடியைக் கறுப்பாகவே வரைந்து காட்டுங்கள். எங்கள் தெருவில் இந்த மாதம் இரண்டு பெண்கள் எல்.எல்.ஆர். வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடத்தோடு ஊருணிக் கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கானாடுகாத்தான்.