கடன் செல்லாது என்று சொன்ன அண்ணன்மார்களுக்கு

வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் பணச் சீர்திருத்தம் பற்றிக் கூட்டம் போடும் உங்களுக்குத்தான் இந்த மடல். செந்தூலில் காலைப் பலகாரக் கடை போடும் அக்காவின் வேனை வங்கி இழுத்துக்கொண்டு போன விஷயம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: "வங்கி காற்றிலிருந்து பணம் படைக்கிறது, அதனால் வங்கிக் கடன் செல்லாது" என்று எந்த மேடையில் சொன்னீர்களோ, அதே மேடையில் "அது சட்டம் இல்லை, எங்கள் அரசியல் கருத்து" என்று சொல்லுங்கள்.

வங்கி கடன் கொடுக்கும்போதே புதுப் பணம் உருவாகிறது என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. இங்கிலாந்தின் மத்திய வங்கியே 2014-இல் அப்படி எழுதியிருக்கிறது. அதைத் திரையிலும் காட்டினீர்கள். கடனைத் திருப்பிக் கட்டும்போது அந்தப் பணம் மறைந்துவிடுகிறது என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. அது மட்டும் ஏனோ திரைக்கு வரவில்லை. சரி, பணம் காற்றிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொடுத்து வாங்கிய வேன் காற்று இல்லையே.

கடன் செல்லாது என்று கட்டணம் வாங்கிக்கொண்டு நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தை வங்கிக்கு அனுப்பிவிட்டு, அக்கா தவணையை நிறுத்தினார். தவணையில் வண்டி வாங்குவதற்கான மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி நோட்டீஸ் விடலாம். 21 நாள் கழித்து வண்டியை இழுக்கலாம். நோட்டீஸ் வந்தபோது, "பயந்துவிட்டார்கள், அதனால்தான் கடிதம் போடுகிறார்கள்" என்று தைரியம் சொன்னீர்களாம். விடியற்காலையில் சாம்பார் அண்டாவை ஏற்றி முடித்த நேரத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். அண்டாவையும் மடக்கு மேசையையும் இறக்கிக்கொள்ள விட்டார்கள், அந்த மட்டும் நல்லவர்கள். இப்போது அக்கா கிராப் வாடகைக் கார் பிடித்துப் போகிறார். இட்லிப் பானையைப் பார்த்ததுமே பாதி ஓட்டுநர்கள் ரத்து செய்துவிடுகிறார்கள். கேஸ் சிலிண்டரை ஒருவரும் ஏற்றுவதில்லை. அதனால் தோசைக்கல் வீட்டோடு கிடக்கிறது. வீட்டில் சுட்டு எடுத்துப்போகும் ஆறின தோசையை யார் வாங்குவார்கள்? வேனை ஏலத்தில் விற்றது போக மீதிப் பாக்கியைக் கட்டச் சொல்லி இன்னொரு கடிதமும் வந்துவிட்டது. "செல்லாத" கடன் இப்படித்தான் இருக்கிறது.

உங்கள் கொள்கைதான் என்ன? 1933-இல் சிகாகோ பொருளாதார அறிஞர்களும், அவர்களுக்குப் பின் இன்னொரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷரும் கேட்டது, பணம் படைக்கும் அதிகாரத்தை வங்கிகளிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுக்க வேண்டும் என்று. சுவிட்சர்லாந்தில் 2018-இல் வாக்கெடுப்புக்கு வந்ததும் அந்த வகைதான். வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். பொருளாதார அறிஞர் ஹயெக் 1976-இல் கேட்டது நேர் எதிர்: அரசிடமிருந்தே அதைப் பிடுங்குங்கள், தனியார் போட்டி போட்டுப் பணம் வெளியிடட்டும் என்று. விதி போட்டுக் கட்டினால் அரசை நம்பலாம் என்பது ஒரு கட்சி. அரசை நம்பவே நம்பாதே என்பது இன்னொரு கட்சி. நீங்கள் ஃபிஷர், ஹயெக் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு "நம் முன்னோடிகள்" என்றீர்கள். இருவரில் யாருமே, வாங்கிய கடனைக் கட்டாதே என்று சொல்லவில்லை.

அப்புறம் தங்கம். ஜப்பான்காரன் நம்மை ஆண்ட காலத்தில் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டைத் தூக்கிக் காட்டி, காகிதத்தை நம்பாதீர்கள் என்றீர்கள். 1945-இல் அது வெறும் காகிதமாகி, சேர்த்து வைத்தவர்கள் வயிற்றில் அடித்தது உண்மை. ஆனால் பணத்தைத் தங்கத்தோடு கட்டிப்போட்டால் யாருக்கு லாபம்? 1896 அமெரிக்கத் தேர்தலில் கடன்பட்ட விவசாயிகள் தங்கத்தை எதிர்த்துத்தான் வேட்பாளர் பிரையன் பின்னால் திரண்டார்கள். தங்கம் போதாமல் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் விளைச்சலின் விலை இறங்கும், கடன் தொகை இறங்காது. கடன்பட்டவர்களைக் கூட்டி உட்கார வைத்தே தங்கத்துக்குக் கைதட்ட வைத்தீர்கள் பாருங்கள், அது திறமை. வாசலில் தங்கக் காசு விற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வங்கிகளும் யோக்கியமில்லை. ஒப்பந்தத்தில் தமிழ் ஒரு வரி கிடையாது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மட்டும் பென்சில் குறி இருக்கும். கடனில் தடுமாறுபவர்களுக்கு இலவசமாக வழி சொல்ல நம் நாட்டு மத்திய வங்கி 2006-இல் ஏகேபிகே என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அக்கா அந்தப் பெயரையே கேட்டதில்லை. நீங்களாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே கட்டணம் கிடையாதே, உங்கள் வாயில் எப்படி வரும்?

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்க வேண்டும். பணத்தை யார் படைப்பது என்ற கேள்வி பெரிய கேள்வி. அதை நம் மக்கள் மத்தியில், தமிழில் பேசுகிறீர்கள். பேசுங்கள், நானும் வந்து கேட்கிறேன். அதற்கு முன், வரும் ஞாயிறு முதல் வேலையாக, கடன் செல்லாது என்பது உங்கள் கருத்துதான், சட்டம் இல்லை என்று தயவுசெய்து மேடையில் அறிவியுங்கள். உங்கள் கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மற்றவர்களை வண்டி போவதற்குள் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அக்காவிடம் வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசீதை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செந்தூல்வாசி ஒருவன்