கை வராததற்கு மனசைக் குறை சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் பக்கவாதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைப்புதான் வம்பு. 'மனம் வைத்தால் கை அசையும்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்கள். அன்று மாலையே என் மைத்துனர் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டி, "பார்த்தீங்களா அத்தான், பேப்பர்லயே போட்டிருக்கு. நீங்கதான் மனசு வைக்க மாட்டேங்கறீங்க" என்றார்.

ரங்கூனில், அனவ்ரட்டா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் 31 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு காலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஊசி நழுவியது. எடுக்கக் குனிந்தேன், விரல்கள் மடங்கவில்லை. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை கழுத்துக்கு மேலேயே பக்கம் மாறிவிடுவதால் எனக்கு விழுந்தது வலது கை. வாயும் கொஞ்சம் கோணியது. கால் மட்டும் ஒரு மாதத்தில் ஏறக்குறையப் பழையபடி வந்துவிட்டது. கரண்ட் போனால் இங்கே மிதி மிஷின்தான் கதி. கால் ஜோராக மிதிக்கும், துணியைத் தள்ளிக்கொடுக்கக் கை வராது. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிந்ததோ என்னவோ.

கால் வந்து கை ஏன் வரவில்லை என்று பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். அவர் என் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, ஒரு காதிலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதுக்குப் போட்டார். உடம்பை அசைக்கும் பகுதி ஏறக்குறைய இந்தப் பட்டையில்தான் இருக்கிறதாம். இரண்டு மூளைப் பாதிகளும் சந்திக்கும் நடு இடுக்குக்குள் கால், அதற்கு வெளியே உடம்பு, அப்புறம் கை, காதுப் பக்கமாக இறங்கினால் முகம். கால் இருக்கும் இடுக்குக்கு ரத்தம் வேறு குழாயில் வருகிறது. என்னுடைய அடைப்பு கையும் முகமும் இருக்கும் பக்கத்தில். இதில் துணி வெட்டியிருக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது: முதுகு முழுவதற்கும் ஒரு துண்டுத் துணி, விரல்களுக்கும் உதட்டுக்கும் தாராளமாகக் கஜக்கணக்கில்.

இந்தப் பட்டையின் வரைபடத்தை மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1937இல் சக ஊழியர் ஒருவரோடு வெளியிட்டார். விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் லேசாக மின்சாரம் தொட்டுப் பார்த்தவர் அவர். கை எழும். ஆனால் நோயாளி, நான் தூக்கவில்லை, நீங்கள்தான் தூக்கினீர்கள் என்பார். மனசு வைக்காமலே கை அசைகிறது, பாருங்கள். அப்படியென்றால் மனசு வைத்தும் அசையாமல் இருக்க முடியாதா? கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர், பேனா பிடித்து எழுதுவதாக மனதுக்குள் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்து திரையில் எழுதியதாக 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கைக்கான பகுதியில் பதித்த மின்முனைகள் அதைப் படித்தன. அவருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு வருடங்கள் ஆகியிருந்தன. மனசும் இருந்தது, மூளைப் பட்டையும் இருந்தது, கீழே இறங்கும் கம்பிதான் அறுந்திருந்தது. எனக்கோ மேலேயே சேதம். இதில் யார் மனசு வைக்கவில்லை?

கற்பனைப் பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. நானும் செய்கிறேன். அசைவதாக நினைக்கும்போதும், அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்கின்றன. கட்டளை மட்டும் தசை வரை போவதில்லை. 1995இல் வெளிவந்த ஒரு சோதனையில், பியானோ தெரியாதவர்கள் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் விரலசைவை மனதுக்குள்ளேயே பழகினார்கள். மூளையில் விரல்களுக்கான இடம், நிஜமாக வாசித்தவர்களுக்குப் போலவே விரிந்தது. ஆனால் வாசிப்பில், மனதுக்குள் பழகியவர்கள் ஐந்தாம் நாளில், நிஜமாக வாசித்தவர்களுடைய மூன்றாம் நாள் நிலைக்குத்தான் வந்தார்கள். பிறகு ஒரே ஒரு தடவை இரண்டு மணி நேரம் கையால் வாசித்ததும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தை உங்கள் தலைப்பு முழுங்கிவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காஜா எடுப்பேன். ஊசி துணிக்குள் இறங்குவது, நூல் வளையத்தை இழுத்து முடிச்சு விழுவது, எல்லாம். முன்பு நாலு நிமிட வேலை. இப்போது கற்பனையிலேயே வலது கைக்கு ஒன்பது நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் கை தடுமாறுகிறது! முடித்த கையோடு சணல் தைக்கும் தடித்த ஊசியை எடுத்து அரை மணி நேரம் நிஜமாகப் போராடுவேன். நேற்று ஒரு காஜா முழுசாக முடிந்தது. கோணல்தான், ஆனால் பட்டன் உள்ளே போகிறது.

தலைப்பை இணையத்திலாவது மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். மைத்துனர் வருகிற ஞாயிறும் சாப்பிட வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
ரங்கூன்