மனுவில் எழுத முடியாத குறை

பென்னாகரம்

அன்பு நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி மகிழ்ச்சி அளித்தது. இங்கே மகன் ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறான். தோப்பில் பெங்களூரா மாமரங்கள் நன்றாகப் பூத்தும், பாதிப் பூ பிஞ்சு பிடிக்காமலே கருகிவிட்டது.

காலநிலை மாற்றம் பற்றி மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் அரசியல்வாதிகளும் அசட்டையாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தேநீர்க் கடையில் நிற்கும் எவரைக் கேட்டாலும் வெயில் முன்போல் இல்லை, மழை பருவம் தப்புகிறது என்றுதான் சொல்கிறார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டி, நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதைப் பார்த்தவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்த அறிவு கோரிக்கையாக மாறுவதில்லை என்பதே என் குறை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் பயிர் இழப்பீடு கேட்கலாம், ஏரியைத் தூர்வாரச் சொல்லலாம்; காற்றில் கரியமில வாயு கூடுகிறது என்று யார்மீது மனுக் கொடுப்பது?

நம் மாவட்டத்தின் பெரிய கோரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் உபரிநீரை ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தேர்தல்தோறும் பேசுகிறோம். அது நியாயமான கோரிக்கைதான், நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் அந்த உபரி குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்தது. 2023-இல் அந்த மழை பொய்த்துக் கர்நாடகம் வறட்சியில் வாடியது. அடுத்த ஆண்டே ஒகேனக்கல்லில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் பாய்ந்தது. இப்படி ஊசலாடும் ஆற்றை நம்பிக் கால்வாய் வெட்டப் போகிறோமே, அதன் கொள்ளளவை எந்த ஆண்டின் வெள்ளத்தை வைத்துக் கணக்கிடுவது என்று மேடையில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. நாமும் கேள்வி எழுப்பியதில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நிவாரணத்தில் நாம் கெட்டிக்காரர்கள். கொடுப்பவர் படமும் நாளிதழில் வந்துவிடும். வராமல் தடுத்த இழப்பை யாராலும் படம் பிடிக்க முடியாது என்பதால் அதில் வாக்கும் இல்லை. நிகர உமிழ்வைச் சுழியமாக்க, அதாவது காற்றில் விடும் கரியமில வாயு போன்றவற்றின் அளவையும் திரும்ப உறிஞ்சப்படும் அளவையும் சமமாக்க, இந்தியா 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்த ஆண்டு 2070. அதுவரை எத்தனை தேர்தல் வரும் என்று எண்ணிப் பாருங்கள். கணக்குக் கேட்க நாம் இருவரும் இருக்கப்போவதில்லை.

மேலைநாடுகள் எரித்த நிலக்கரிக்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்ற உங்கள் மருமகனின் வாதத்தில் உண்மை இருக்கிறது. இந்தியரின் தலைவீத உமிழ்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த வாதத்தை உலக மாநாட்டில் வைக்கலாமே தவிர, உள்ளூரில் குளத்தையும் நிழல்மரத்தையும் காக்காமல் இருப்பதற்குச் சாக்காக வைக்கக் கூடாது. அடுத்த கிராம சபையில் ஊராட்சியின் கிணறுகளில் நீர்மட்டம் ஆண்டுதோறும் எவ்வளவு என்ற பதிவை மட்டும் கேட்கலாம் என்றிருக்கிறேன். அதையாவது மனுவாக எழுத முடியும். உங்கள் ஊரிலும் கேட்டுப் பார்த்து, என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ஆடிப்பெருக்குக்கு வருவதானால் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஆற்றில் பரிசல் ஓட அனுமதி இருக்கிறதா என்று விசாரித்து வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
இராமசாமி