துர்துக் மக்களுக்கும் ஒரு வழி திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லடாக்கின் துர்துக் கிராமத்தைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். ஆப்ரிகாட் தோட்டங்களும் ஷியோக் ஆறும் நன்றாக வந்திருந்தன. ஆனால் 1971 டிசம்பர் வரை அந்த ஊர் பாகிஸ்தான் வசம் இருந்தது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே போய்த் தங்கி வந்த எனக்கு அது வருத்தமாக இருந்தது.

1947-48 போரில் பாகிஸ்தான் பக்கம் போன ஊர் அது. 1971 போரில் மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையில் சென்ற இந்தியப் படை துர்துக், தாங் உள்ளிட்ட நான்கு ஊர்களைப் பிடித்தது. மறு ஆண்டு சிம்லா ஒப்பந்தப்படி பஞ்சாப், ராஜஸ்தான் எல்லைகளில் பிடித்த நிலத்தை இரு நாடுகளும் திருப்பிக் கொடுத்தன. ஜம்மு-காஷ்மீரில் மட்டும், போர் நின்ற 1971 டிசம்பர் 17 அன்று யார் எங்கே நின்றார்களோ அதுவே கோடு என்றானது. பாகிஸ்தான் பக்கம் இருக்கும் கப்லு, ஸ்கர்டு ஊர்களுக்குப் படிக்கவும் வேலைக்கும் போயிருந்த பிள்ளைகள் திரும்ப முடியவில்லை. அப்புறம் 1999 கார்கில் போரின்போது அந்த மலைகளில் மறுபடியும் சண்டை. நம் ராணுவத்தின் கேப்டன் ஹனீஃபுதீன் உயிரைக் கொடுத்தது அங்கேதான்.

நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவரின் அண்ணன் அப்படிப் போனவர். தாயார் இறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனதாம். நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். சாவுத் தந்தி வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். அதனால் அவர் சொன்னதைக் கேட்டு என்னால் பேச முடியவில்லை. இப்போது அண்ணன் முகத்தைச் செல்போனில் பார்க்கிறார். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆற்றோடு போனால் ஒரு நாள் பயணம்கூட இல்லை. ஆனால் விசா கிடைத்தவர்களும் பஞ்சாபுக்கு இறங்கி வாகா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

2005 ஏப்ரலில் ஸ்ரீநகரிலிருந்து பாகிஸ்தான் பக்கம் இருக்கும் முசாபராபாத்துக்குப் பேருந்து தொடங்கியபோது, பிரிந்த காஷ்மீர்க் குடும்பங்கள் விசா இல்லாமல் அனுமதிச் சீட்டோடு போய்வந்தன. 2019-ல் அது நின்றது. லடாக் மக்கள் கார்கில்–ஸ்கர்டு பாதையைத் திறக்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் அங்கே ஒரு பேருந்துகூட ஓடவில்லை.

பாதுகாப்பு முக்கியம், சரி. முதியவர்களை மட்டுமாவது முழுச் சோதனைக்குப் பிறகு, ராணுவத்தின் கண்முன்னாலேயே சந்திக்க விடலாமே! உங்கள் நாளிதழ் இதைத் தலையங்கமாக எழுதினால் நம் எம்.பி.க்களில் ஒருவராவது நாடாளுமன்றத்தில் கேட்பார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
அஞ்சல் துறை ஊழியர் (ஓய்வு),
திண்டுக்கல்.