மாஜி மாஜியை ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தான்சானியாவின் நியெரெரே தேசியப் பூங்கா பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை, 1905இல் அந்தப் பகுதியில் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக வெடித்த மாஜி மாஜி எழுச்சியை (சுவாஹிலியில் ‘மாஜி’ என்றால் தண்ணீர்) ஒரே வரியில் முடித்துவிட்டது. தோட்டாவைத் தண்ணீர் தடுக்கும் என்று நம்பி மக்கள் மாண்டார்களாம். எந்த நெருக்கடியில் அவர்கள் அந்தத் தண்ணீரைத் தேடிப் போனார்கள் என்பதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுவது, செத்துப்போனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்போது அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. 1898இல் குடிசை வரி வந்தது. கிராமத்துக் குடிசைக்கு ஆண்டுக்கு 3 ரூபாய். (ஆம், அங்கும் ரூபாய்தான். இந்துமாக்கடல் வணிகத்தோடு போய்ச் சேர்ந்த நாணயம்.) கையில் காசில்லாதவர்கள் உடம்பால் உழைத்துக் கழிக்க வேண்டும். 1902இல் ஆளுநர் கோட்ஸன் ஆட்சியில் கட்டாயப் பருத்தியும் சேர்ந்துகொண்டது. அரசு நியமித்த ஊர்த்தலைவரான ஜும்பே, ஊருக்குப் பொதுவாக ஒரு பருத்திக்காடு போட வேண்டும். ஊரார் முறைவைத்து ஆண்டுக்கு 28 நாள் அதில் பாடுபட வேண்டும். வராதவர்களுக்கு நீர்யானைத் தோலால் செய்த ‘கிபோகோ’ சாட்டையடி. பஞ்சு விற்ற பணத்தில் உழைத்தவர்களுக்குக் கிடைத்த சில்லறையைச் சிலர் கையால் தொடவே மறுத்தார்கள்.

வெறும் 28 நாள்தானே என்று தோன்றலாம். அது எந்த 28 நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுச்சி முதலில் வெடித்த மடும்பி குன்றுகளில் தானியமும் பருத்தியும் ஒரே மழையை நம்பியவை. களையெடுப்பும் ஒன்றோடொன்று மோதும். முதல் களை தள்ளிப்போனால் புல் முந்திக்கொள்ளும், பயிர் சவலையாகிவிடும். கதிர் பிடித்த பிறகு காட்டுப்பன்றியும் குரங்கும் இறங்கும் என்பதால், பரண் கட்டி இரவு பகலாகக் காவல் இருந்தாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் பருத்திக்குப் போனால் பரண் காலி. பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் போதும், அந்த வருஷச் சாப்பாடு போயிற்று.

இந்த இடத்தில்தான் தண்ணீர் வருகிறது. ரூஃபிஜி ஆற்றங்கரையில் இருந்த பொகேரோ வழிபாட்டுத் தலத்துக்கு மழை வேண்டியும், பிள்ளை வரம் வேண்டியும், கொல்லையில் பன்றி அண்டாதிருக்கவும் மக்கள் போவது வழக்கம். அங்கே வாங்கிவந்த நீரைப் பயிரில் தெளித்தார்கள். அது உழவர்களின் நம்பிக்கை. போருக்காக யாரோ புதிதாகக் கிளப்பியது அல்ல. 1904இல் ங்கராம்பே ஊரில் கிஞ்சிகிடிலே ங்வாலே மீது ஹோங்கோ என்ற ஆவி இறங்கியது. மடுவுக்குள் மறைந்த அவர் மறுநாள் துணி நனையாமல் வெளியே வந்தார் என்று சொல்லக் கேட்டு, திரள் திரளாக மக்கள் வந்தார்கள். நீரோடு ஆமணக்கெண்ணெயும் சிறுதானியமும் கலந்த மருந்தைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள், குடித்தார்கள். பொது அரசன் என்று யாருமில்லாத மடும்பி, ங்கிண்டோ, பொகோரோ, ம்புங்கா மக்களை ஓரணியில் சேர்த்தது இந்த நீர்தான். ங்கோனி மக்களுக்கும் பின்னர் அது போய்ச் சேர்ந்தது.

பொறுத்திருங்கள் என்றார் கிஞ்சிகிடிலே. மக்களால் முடியவில்லை. 1905 ஜூலையில் நந்தெதே ஊரார் ஜும்பேயின் காட்டில் இறங்கிப் பருத்திச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். போர் அப்படித்தான் தொடங்கியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் கிஞ்சிகிடிலே தூக்கிலிடப்பட்டார். ஆகஸ்ட் 30 அன்று ஜெர்மானியரின் மஹெங்கே கோட்டையிலிருந்த இயந்திரத் துப்பாக்கிகள் நூற்றுக்கணக்கானோரைச் சாய்த்தபோது, நீர் குண்டைத் தடுக்காது என்பது கண்ணெதிரே தெரிந்துபோயிற்று. அதன் பிறகும் 1907 வரை மறைந்திருந்து போரிட்டார்களே, அதற்கு எந்த மூடநம்பிக்கை காரணம்?

கொன்று குவித்தது பெரும்பாலும் பசிதான், அதுவும் திட்டமிட்ட பசி. ஜெர்மன் படை ஊர்களையும் குதிர்களையும் கொளுத்தியது, நிற்கும் பயிரை அழித்தது. விதை நெருப்பில் போனதால் மழை பெய்தும் விதைக்க வழியில்லை. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். அவற்றில் சில நஞ்சுள்ளவை. மெல்லியதாகச் சீவி ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும். குழந்தைகள் அழும் வீட்டில் அத்தனை நாள் யாரால் பொறுக்க முடியும்? ஜெர்மனியர் ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கே 75,000. பின்வந்த வரலாற்றாய்வாளர்கள் 2,50,000 முதல் 3,00,000 வரை என்கிறார்கள். ஐரோப்பியர் தரப்பில் இறந்தவர்கள் 15 பேர்.

ஆளற்ற நிலத்தில் புதர் மண்டியது. யானையும், தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் பரவின. 1940களில் லிவாலே பகுதியில் எஞ்சியிருந்த பல குடிகளையும் தூக்க நோயைக் காரணம் காட்டி, ஜெர்மானியருக்குப் பின் ஆண்ட ஆங்கில அரசு வெளியேற்றியது. அந்த நிலத்தில் பெரும்பகுதி செலூஸ் வனவிலங்குக் காப்பகத்துக்குள் போனது. 2019இல் அதிலிருந்து பிரிக்கப்பட்டதுதான் நியெரெரே பூங்கா. கட்டுரையாளர் ‘மனிதக் கால் படாத கன்னிக்காடு’ என்று வியந்த இடத்தின் கதை இது.

சொங்கேயா நகரில் மாஜி மாஜி அருங்காட்சியகம் இருக்கிறது. 1906 பிப்ரவரி 27 அன்று ங்கோனித் தலைவர்களைத் தூக்கிலிட்ட ஊர் அது. 2023 நவம்பரில் ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் அங்கே நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார். பயணத் தொடரின் அடுத்த பகுதி சொங்கேயாவைப் பற்றியதாக இருக்கட்டும். அதற்கு முன் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
மதுரை